அகராதியில் இருக்கிறோம், வகுப்பில் இல்லை

(உத்திரமேரூரில் கல்லூரி மாணவர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கல்லூரியில் அயல்நாட்டு மொழிகளையும் பண்பாடுகளையும் படிப்பது பற்றிப் பேச வேண்டும் என்று தோழர்கள் கேட்டார்கள். நோட்டீஸ் கொடுக்கப் போன இடத்தில் ஒருவர், "காலேஜ் ஃபீஸ் கட்டவே வழியில்ல, இதுல பிரெஞ்சு வேற படிக்கணுமாம்" என்று சிரித்தாராம். அந்தச் சிரிப்புக்குப் பதில் சொல்லிவிட்டுத்தான் மற்றதைப் பேச முடியும். பதிலை இந்த ஊர்க் கல்வெட்டிலிருந்தே தொடங்குகிறேன்.

வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தகன் காலத்தில், 919இலும் 921இலும் வெட்டிய கல்வெட்டுகள் இருக்கின்றன. குடவோலை முறை என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். 2020 டிசம்பரில் புதிய நாடாளுமன்றக் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டியபோது பிரதமர் நம் ஊர்ப் பெயரைச் சொன்னார். பலருக்குப் பெருமையாக இருந்தது. பெருமைப்பட்டவர்கள் அந்தக் கல்வெட்டில் உள்ள வேட்பாளர் தகுதிப் பகுதியையும் படிக்க வேண்டும். வரி கட்டும் நிலம் கால் வேலிக்கு மேல் இருக்க வேண்டும். சொந்த மனையில் வீடு இருக்க வேண்டும். வயது 35க்கு மேல், 70க்குள். அதோடு வேதம் கற்றிருக்க வேண்டும். இதில் ஒரு சலுகையும் உண்டு: அரைக்கால் வேலி நிலம்தான் இருக்கிறது என்றால், ஒரு வேதமும் ஒரு பாஷ்யமும் தெரிந்தவராக இருந்தால் போதும். கவனித்தீர்களா? நிலத்தில் தளர்வு கொடுத்தார்கள். படிப்பில் தளர்வு கொடுக்கவில்லை. ஊருக்குப் பெயரே சதுர்வேதிமங்கலம். சபையில் இருந்தவர்கள் பார்ப்பனர்கள். அந்த நிலத்தில் சேற்றில் இறங்கியவர்களுக்கு அந்த மொழி காதில் விழக்கூடாது என்பது சாத்திரம்.

ஆக, "எங்களுக்கு எதுக்குங்க அந்த மொழி" என்பது நம்மவர்களின் அடக்கத்தில் பிறந்த பேச்சு இல்லை. ஆயிரத்து நூறு வருடமாக நம் வாயில் போட்டு வைத்திருக்கும் பேச்சு.

இப்போது 2020களுக்கு வருவோம். விடியற்காலையில் இந்த ஊரிலிருந்தும் சுற்றுக் கிராமங்களிலிருந்தும் கம்பெனி பஸ்கள் ஒரகடத்துக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் கிளம்புகின்றன. இங்கே பாதிப் பேர் வீட்டில் யாராவது ஒருவர் அந்த பஸ்ஸில் போகிறவர்தான். இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய், 1998 முதல் கார் செய்கிறது, அது கொரியா. ஸ்ரீபெரும்புதூரில் சாம்சங், அதுவும் கொரியா. கண்ணாடி செய்யும் செயின்ட் கோபைன் பிரான்ஸ். ஒரகடத்தில் ரெனோ நிசான் 2010இல் தொடங்கியது பிரான்சும் ஜப்பானும் சேர்ந்து. லாரி செய்யும் டைம்லர் ஜெர்மனி. உலகத்தில் எத்தனையோ மொழிகளைத் தேடிப் போய்ப் படிக்கிறார்கள். நமக்கு நாலு மொழிகள் ஒரு மணி நேர பஸ் தூரத்தில் வந்து இறங்கியிருக்கின்றன. ஸ்ரீபெரும்புதூர் சாலையில் கொரிய எழுத்தில் ஓட்டல் பலகை தொங்குகிறது. நம் பிள்ளைகள் அதன் கீழே பஸ்ஸுக்கு நிற்கிறார்கள். அது என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாது.

லைனில் நிற்கும் நம் பிள்ளைக்கும் கொரிய அதிகாரிக்கும் நடுவில் ஒருவர் நிற்பார். அவர் பேச்சுதான் இரண்டு பக்கமும் போய்ச் சேரும். "பையன் சோம்பேறி" என்று சொல்வதும், "மெஷின் பழுது, அதனால் தாமதம்" என்று சொல்வதும் அவர் கையில். 2024 செப்டம்பரில் ஸ்ரீபெரும்புதூர் சாம்சங் ஆலைத் தொழிலாளர்கள் சங்க உரிமைக்காக ஒரு மாதத்துக்கு மேல் வேலைநிறுத்தம் செய்தார்கள். அதே ஆண்டு ஜூலையில் கொரியாவிலேயே சாம்சங் மின்னணுத் தொழிலாளர்கள் முதன்முறையாக வேலைநிறுத்தம் செய்திருந்தார்கள். ஒரே முதலாளி, ஒரே வருடம். அவர்கள் துண்டறிக்கையை இவர்கள் எழுத்துக்கூட்டிப் படித்திருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று நான் அடிக்கடி நினைப்பதுண்டு.

இதெல்லாம் புதிய ஆசை என்று நினைக்காதீர்கள். நம் முன்னோர்கள் இந்த வேலையைச் செய்திருக்கிறார்கள்.

பக்கத்து மதுராந்தகம் வட்டாரத்துக் கோழியாளம்தான் இரட்டைமலை சீனிவாசன் பிறந்த ஊர். கோயம்புத்தூரில் படித்தபோது ஏறக்குறைய 400 மாணவர்களில் பத்துப் பேர் தவிர மற்றவர்கள் பார்ப்பனர்கள் என்றும், சாதி தெரிந்துவிடுமோ என்ற பயத்தில் மணி அடிக்கும் வரை வெளியே உட்கார்ந்து படித்துவிட்டு வகுப்புக்குள் போனதாகவும் தன் வாழ்க்கைச் சுருக்கத்தில் எழுதியிருக்கிறார். அவரை 1893இல் 'பறையன்' இதழ் நடத்தியவராக, 1930இல் அண்ணலோடு லண்டன் வட்டமேசை மாநாட்டுக்குப் போனவராக நாம் அறிவோம். நடுவில் உள்ள வருடங்களை அதிகம் பேசுவதில்லை. அந்த வருடங்களில் அவர் தென்னாப்பிரிக்காவில் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர். 1860 முதல் நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்குக் கப்பலேறிய கூலிகளில் செங்கல்பட்டு, வடஆர்க்காடு மாவட்டத்தவர் ஏராளம். நம் மண்ணிலிருந்து போனவர்கள் வாழ்ந்த நாட்டில், தமிழன் சொன்னதை நீதிபதி காதுக்குக் கொண்டுபோகும் இடத்தில் நம் மண்ணின் மனிதர் ஒருவர் நின்றிருக்கிறார். வட்டமேசையில் பேசுவதற்கு முன் எத்தனை வருடப் பயிற்சி பாருங்கள்.

அயோத்திதாசப் பண்டிதர் 1898இல் கொழும்புக்குப் போய்ப் பௌத்தம் ஏற்றார். பாலியும் சமஸ்கிருதமும் ஆங்கிலமும் அறிந்தவர். நம்மைத் தாழ்த்திய கதைகளை இன்னொரு மொழியின் வெளிச்சத்தில் வைத்துக் கேள்வி கேட்டவர்.

அண்ணலின் கதை உங்களுக்குத் தெரியும், ஆனால் மொழியின் பக்கமிருந்து ஒருமுறை பாருங்கள். பள்ளியில் சமஸ்கிருதம் படிக்க ஆசைப்பட்டார். தீண்டப்படாத பிள்ளைக்குச் சொல்லித்தர மறுத்தார்கள். பாரசீகம் எடுத்தார். 1912இல் பி.ஏ. பட்டம் வாங்கியதே ஆங்கிலத்திலும் பாரசீகத்திலும்தான். சொந்த நாட்டின் 'தேவமொழி' கதவைச் சாத்தியது. வெளியிலிருந்து வந்த மொழி உட்கார இடம் கொடுத்தது. பிறகு கொலம்பியாவில் பிரெஞ்சும் ஜெர்மனும் படித்தார். ஜெர்மனியின் பான் பல்கலைக்கழகத்தில் சேர விரும்பி 1921இல் ஜெர்மன் மொழியிலேயே கடிதம் எழுதினார். மறுக்கப்பட்ட சமஸ்கிருதத்தையும் பின்னாளில் தானே படித்தார். கடைசிக் காலத்தில் பாலி அகராதிக்காக உழைத்தார். ஒரு மனிதர் ஏன் இத்தனை மொழிகளைத் துரத்துகிறார்? எவனோ ஒருவன் தனக்காகப் படித்துச் சொல்லட்டும் என்று அவர் விடத் தயாராக இல்லை.

என் கதையையும் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது. நான் இந்த வட்டாரத்துக் காலனியில் பிறந்தவள். வீட்டில் முதலில் கல்லூரிக்குப் போனவள். சேர்க்கையின்போது பார்ட் ஒன் மொழிக்கு என்ன எடுக்கிறாய் என்று கேட்டார்கள். பட்டியலில் தமிழ், இந்தி, சமஸ்கிருதம், பிரெஞ்சு இருந்தன. பிரெஞ்சு என்றேன். மேசைக்குப் பின்னால் இருந்தவர் என் சாதிச் சான்றிதழைப் பார்த்துவிட்டு, "தமிழே எடும்மா, அது உங்களுக்குக் கஷ்டம்" என்றார். எடும்மா என்று ஒருமையில் தொடங்கியவர் 'உங்களுக்கு' என்று முடித்தார். அது எனக்குக் கொடுத்த மரியாதை இல்லை. எங்கள் எல்லோரையும் சேர்த்து ஒரு கூட்டமாகச் சொன்ன 'உங்களுக்கு'. நான் பிரெஞ்சே எடுத்தேன்.

இரண்டாம் ஆண்டில் ஒரு பாடத்தில் 'பரியா' என்ற சொல் வந்தது. ஒரு மாணவி எழுந்து, அப்படியென்றால் என்ன மேடம் என்று கேட்டாள். சமூகத்தால் ஒதுக்கப்பட்டவன், யாரும் சேர்த்துக்கொள்ளாதவன் என்று சொல்லிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டார்கள். எனக்கு மட்டும் அந்தச் சொல்லைத் தாண்டிப் போக முடியவில்லை. நூலகத்தில் பெரிய அகராதியை எடுத்துப் பார்த்தேன். தமிழிலிருந்து வந்த சொல், பறை அடிப்பவர் என்ற பொருளுடையது என்று போட்டிருந்தது. என் தாத்தாவின் சாதி, பாரிஸில் அச்சான அகராதியில் இருக்கிறது. நான் படித்த வகுப்பில் எங்கள் ஆட்கள் என்னைத் தவிர யாரும் இல்லை.

பிறகு அந்தச் சொல் போன வழியைத் தேட ஆரம்பித்தேன். அந்தத் தேடல்தான் என் படிப்பாகவே ஆகிவிட்டது என்று சொல்லலாம். 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே போர்த்துகீசியர் எழுத்தில் நம்மைப் பற்றிய குறிப்பு வருகிறது. 1791இல், பிரெஞ்சுப் புரட்சி நடந்துகொண்டிருக்கும்போது, பெர்னார்தன் த சேன்-பியர் ஒரு குறுநாவல் எழுதினார். உண்மையைத் தேடி ஓர் ஆங்கில அறிஞர் இந்தியா வருகிறார். பூரி ஜகந்நாதத்தில் தலைமைப் பார்ப்பனரைக் கேட்கிறார். அங்கே கிடைக்காத விடை, புயல் மழையில் ஒதுங்கிய ஒரு பறையரின் குடிசையில் கிடைக்கிறது. 1821இல் 'பரியா' என்ற பெயரிலேயே பாரிஸில் நாடகம் போட்டார்கள். ஜெர்மன் மகாகவி கதே 1820களில் அதே தலைப்பில் கவிதை எழுதினார். சென்னையில் ஜெர்மன் கற்றுத்தரும் நிறுவனம் அவர் பெயரில்தான் இருக்கிறது. வாசலில் போகும்போது நினைத்துக்கொள்ளுங்கள். 1838இல் ஃப்ளோரா திரிஸ்தான் என்ற பெண், கணவனைவிட்டு வந்ததற்காகச் சமூகம் ஒதுக்கிய தன்னையே 'பரியா' என்று தன் நூலின் தலைப்பில் அழைத்துக்கொண்டார். மாக்ஸ் வேபர் யூதர்களைப் பரியா மக்கள் என்றார். ஹன்னா ஆரெண்ட் 1944இல் யூதர்களைப் பற்றி எழுதிய கட்டுரையின் தலைப்பிலேயே அந்தச் சொல் இருக்கிறது.

இருநூறு வருடமாக ஐரோப்பாவின் பெரிய மூளைகள் நம் பெயரை வைத்துத் தங்கள் துக்கத்தைப் பேசியிருக்கின்றன. அதில் சில இடங்களில் அன்பு இருக்கிறது, பல இடங்களில் அறியாமை இருக்கிறது. இன்றும் ஆங்கிலப் பத்திரிகை ஒரு நாட்டைத் திட்ட வேண்டுமென்றால் 'பரியா ஸ்டேட்' என்று எழுதுகிறது. இந்தப் பேச்சு முழுவதிலும் நாம் பேசப்படுகிறோம், நாம் பேசவில்லை. பாரிஸில் எழுந்து நின்று "அந்தச் சொல் என்னுடையது, அதன் கதை இது" என்று அவர்கள் மொழியிலேயே சொல்ல ஆள் வேண்டாமா?

இன்னொன்று பாருங்கள். புதுச்சேரிப் பக்கத்தில் வீரம்மா என்ற தலித் விவசாயக் கூலிப் பெண் தன் வாழ்க்கையை வாய்மொழியாகச் சொன்னார். ஜோசியான் ரசின் பல வருடம் உட்கார்ந்து கேட்டார். கணவர் ழான்-லுக் ரசினோடு சேர்ந்து 1995இல் பிரெஞ்சில் புத்தகமாக்கினார். தலைப்பிலேயே 'பரியா வாழ்க்கை' என்று இருக்கிறது. 1997இல் ஆங்கிலத்தில் வந்தது. தமிழில் சொன்ன வாழ்க்கை பாரிஸில் புத்தகமாகி நிற்கிறது. பிரெஞ்சு தெரிந்த நம் பெண் ஒருத்தி அந்தப் பக்கத்தைப் புரட்டி, வீரம்மா சிரித்த இடமும் மொழிபெயர்ப்பு சிரித்த இடமும் ஒன்றுதானா என்று சொல்ல முடியும். அது ஒரு முனைவர் பட்டத்துக்கான வேலை. தரங்கம்பாடிக்கு 1706இல் வந்த ஜெர்மன் பாதிரியார்களும் அவர்கள் பின்னால் வந்தவர்களும் எழுதிய கடிதங்கள், அறிக்கைகள் ஜெர்மனியின் ஹாலே நகரத்தில் கட்டுக்கட்டாக இருக்கின்றன. 18ஆம் நூற்றாண்டுத் தமிழ்நாட்டில் கோயில் கல்வெட்டில் வராத ஆட்கள் அந்தக் காகிதங்களில் வருகிறார்கள். நம் மாவட்டத்துக்கே வந்தால், செங்கல்பட்டு கலெக்டர் டிரெமென்ஹீர் 1891இல் இங்குள்ள பறையர்களின் நிலை பற்றி எழுதிய அறிக்கைதான் பஞ்சமி நிலத்துக்கு வழிவகுத்தது. அது ஆங்கிலத்தில் இருக்கிறது. அதைப் படிக்கத் தெரிந்தவர்கள் வந்த பிறகுதான் அந்த நிலம் எங்கே போனது என்று கேட்க முடிந்தது.

இனி பண்பாட்டுக்கு வருகிறேன். மொழியை மட்டும் கற்றுக்கொண்டு பண்பாட்டை விட்டால், கம்பெனிக்கு இன்னொரு மெஷின் கிடைக்கும். அவ்வளவுதான்.

இங்கே எத்தனை பேர் கொரிய சீரியல் பார்க்கிறீர்கள்? கை தூக்குங்கள். பார்த்தீர்களா, பாதி அரங்கம். கொரியனில் அம்மாவை 'ஓம்மா' என்றும் அப்பாவை 'அப்பா' என்றும் சொல்வதை வைத்து, கொரியன் தமிழிலிருந்துதான் வந்தது என்று வாட்ஸ்அப்பில் ஒரு கூட்டம் சுற்றுகிறது. நம்பாதீர்கள், குழந்தை வாய்க்கு எந்த நாட்டிலும் அந்த ஓசைதான் முதலில் வரும். ஆனால் இலக்கண அமைப்பில் ஒரு வசதி உண்மையாகவே நமக்கு உண்டு. ஆங்கிலம் போல் வினையை நடுவில் வைக்க மாட்டார்கள். "நான் பள்ளிக்குப் போகிறேன்" என்பதை அதே வரிசையில், வேற்றுமை உருபைப் பெயருக்குப் பின்னால் ஒட்டி, வினையைக் கடைசியில் வைத்துச் சொல்வார்கள். ஜப்பானியமும் அப்படித்தான்.

இன்னும் முக்கியமானது, வா, வாங்க என்ற வேறுபாடு. யாரிடம் பேசுகிறோம் என்பதைப் பொறுத்துக் கொரியனில் வினையின் முடிவு மாறும். சீரியலில் மாமியாரிடம் ஒரு மாதிரி, தோழியிடம் ஒரு மாதிரி பேசுவதைக் கேட்டிருப்பீர்கள். பழைய கொரியாவில் பேக்ஜோங் என்று ஒரு பிரிவினர் இருந்தார்கள். மாடு அறுப்பது, தோல் வேலை. ஊருக்கு வெளியே குடியிருப்பு. பட்டு உடுத்தக் கூடாது, ஓட்டு வீடு கட்டக் கூடாது. கிழவனாக இருந்தாலும் ஊர்ச் சிறுவன் அவரிடம் மரியாதையில்லாத வினைமுடிவில்தான் பேசுவான்; அந்தச் சிறுவனிடம் அவர் பணிவாகப் பேச வேண்டும்.

உங்கள் முகங்களைப் பார்த்தால் தெரிகிறது. யாருக்கும் விளக்கத் தேவையில்லை. ஐம்பது வயது அப்பாவை ஆறு வயதுப் பையன் "டேய்" என்று கூப்பிட்ட ஊர்களிலிருந்துதான் நாம் வந்திருக்கிறோம்.

அந்தப் பேக்ஜோங் மக்கள் 1923 ஏப்ரலில் ஜின்ஜு என்ற ஊரில் ஓர் அமைப்பு தொடங்கினார்கள். பெயர் ஹியோங்பியோங்சா. தராசு சமமாக நிற்பதைக் குறிக்கும் சொல். கறிக்கடைத் தராசையே கொடியாக்கிக்கொண்டார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். கையில் காசு இருந்தும் ஒரு பேக்ஜோங் தகப்பனால் தன் பிள்ளையைப் பள்ளியில் சேர்க்க முடியாமல் போனது அதற்கான தூண்டுதல்களில் ஒன்று. இழிவான சொற்களால் அழைப்பதை ஒழிக்க வேண்டும் என்பதும், பிள்ளைகள் படிக்க வேண்டும் என்பதும் அவர்கள் கோரிக்கைகளில் இருந்தன. அதற்கு ஒரு வருடம் முன்பு, 1922 மார்ச் 3 அன்று, ஜப்பானின் கியோட்டோ நகரில் புராக்கு மக்கள் சுயிஹெய்ஷா தொடங்கினார்கள். அவர்களும் தோல் வேலை, பிண வேலை என்று சொல்லி ஒதுக்கப்பட்டவர்கள். சுயிஹெய் என்றால் தண்ணீர் மட்டம் போல் சமம். இரண்டு அமைப்புகளும் ஒன்றோடொன்று தொடர்பு வைத்திருந்தன. 1927 மார்ச்சில் மகத் குளத்தில் அண்ணல் தண்ணீர் அள்ளினார். ஏறக்குறைய ஐந்து வருட இடைவெளியில் மூன்று நாடுகளில் ஒரே மாதிரி மனிதர்கள் எழுந்திருக்கிறார்கள்.

ஜப்பானில் 1871இலேயே அந்த இழிபெயர்களைச் சட்டப்படி நீக்கிவிட்டார்கள். ஆனால் 1975இல் ஒரு விஷயம் வெளியே வந்தது. புராக்கு மக்கள் வாழும் ஊர்களின் பெயர்களைத் தொகுத்து இரகசியப் புத்தகமாக விற்றிருக்கிறார்கள். வேலைக்கு ஆள் எடுக்கும்போது சரிபார்க்க நிறுவனங்கள் வாங்கியிருக்கின்றன. நம்மிடம் புத்தகம் தேவைப்படவில்லை. "எந்த ஊரு? ஊர்ல எங்க?" என்ற இரண்டாவது கேள்வி போதும். ஒரகடத்தில் ஒரு ஜப்பானிய அதிகாரிக்கு அருகில் நிற்கும் நம் பிள்ளைக்கு இந்தக் கதை தெரிந்திருந்தால், அவன் அந்த மனிதரை முதலாளியாக மட்டும் பார்க்க மாட்டான். அவர் நாட்டிலும் ஒரு சேரி உண்டு என்று தெரிந்து பார்ப்பான். அது பேச்சையே மாற்றும்.

நம்முடைய 'தோழர்' என்ற விளியும் இந்த வழியில் பரவியதுதான். பெரியார் சோவியத் ரஷ்யாவும் ஐரோப்பாவும் சுற்றிவிட்டு 1932 நவம்பரில் திரும்பி, திருவாளர், மகாகனம் எல்லாவற்றையும் விட்டுவிட்டுத் தோழர் என்று மட்டும் அழைக்கச் சொன்னார். இன்று மேடையில் என்னைத் தோழர் என்று அழைத்தீர்களே, அதற்குப் பின்னால் ஒரு கப்பல் பயணம் இருக்கிறது.

வெளிநாடு போனால் சாதி போய்விடும் என்று நான் சொல்லவில்லை. கொலம்பியாவில் படித்து லண்டனுக்கும் போய்விட்டு வந்த அண்ணலுக்கு 1917இல் பரோடாவில் தங்க ஓர் அறை கிடைக்கவில்லை. பார்சி விடுதியிலிருந்தும் தடியோடு வந்து விரட்டினார்கள். அமெரிக்காவிலேயே சாதி போய் உட்கார்ந்ததால்தான் சியாட்டில் நகரம் 2023இல் சாதிப் பாகுபாட்டைத் தடை செய்தது. கலிபோர்னியாவில் அதே வருடம் சட்டமன்றம் நிறைவேற்றிய மசோதாவை ஆளுநர் நிராகரித்தார். அந்த விவாதம் முழுவதும் ஆங்கிலத்தில் நடந்தது. ஆங்கிலம் தெரிந்த தலித்துகள் அங்கே இருந்ததால் நடந்தது. நாளை பாரிஸிலோ சியோலிலோ நடக்க வேண்டுமானால்?

இப்போது அரசாங்கங்களிடம் வருவோம். 2014 நவம்பரில் கேந்திரிய வித்யாலயா பள்ளிகளில் மூன்றாம் மொழியாக இருந்த ஜெர்மனை எடுத்துவிட்டு, கல்வியாண்டின் நடுவிலேயே சமஸ்கிருதத்தை வைத்தார்கள். 2022இல் பட்டியல் சாதி மாணவர்களுக்கான தேசிய வெளிநாட்டுக் கல்வி உதவித்தொகையின் விதியை மாற்றினார்கள். இந்தியப் பண்பாடு, பாரம்பரியம், வரலாறு, இந்தியச் சமூகம் பற்றிய ஆய்வு என்றால் உதவித்தொகை கிடையாது. அண்ணல் 1916 மே மாதம் கொலம்பியாவில் சாதியின் தோற்றம் பற்றிக் கட்டுரை வாசித்தபோது அவருக்கு வயது 25. இந்த விதி அன்று இருந்திருந்தால் அந்தக் கட்டுரைக்குப் பணம் இல்லை. பரோடா மன்னருக்கு இருந்த மனம் ஒரு குடியரசுக்கு இல்லாமல் போனதை என்னவென்று சொல்வது? இன்ஜினியரிங் படி, கம்ப்யூட்டர் படி, ஆனால் உன்னை மிதிப்பவனைப் பற்றி வெளியே போய் ஆராயாதே.

மாநில அரசின் அண்ணல் அம்பேத்கர் வெளிநாட்டு உயர்கல்வித் திட்டம் நல்ல திட்டம். ஆண்டுக்கு 36 லட்சம் ரூபாய் வரை கிடைக்கிறது. தாட்கோ மூலம் நர்சிங் படித்தவர்களுக்கு ஜெர்மன் மொழிப் பயிற்சி தருகிறார்கள். வரவேற்கிறேன். ஆனால் அங்கே கற்றுத்தருவது ஊசி போடத் தேவையான ஜெர்மன். ஹாலே நகரத்துக் கடிதங்களைப் படிக்கும் ஜெர்மன் யாருக்கு? சென்னையின் தனியார் பள்ளிகளில் பிளஸ் டூவில் மதிப்பெண் எளிதாக வரும் என்றே பிரெஞ்சு எடுக்கிறார்கள். கிராமத்து அரசுக் கல்லூரியில் பெரும்பாலும் அந்தக் கட்டத்தில் தமிழ் ஒன்றுதான். தமிழை எடுத்துவிட்டு வேறு வை என்று நான் கேட்கவில்லை. இந்தித் திணிப்பை எதிர்த்தவர்களின் பிள்ளை நான். தமிழோடு கூடுதலாக, விருப்பப்பாடமாக, மதிப்பெண்ணோடு, இந்த மாவட்டத்து அரசுக் கல்லூரிகளில் கொரியனோ ஜப்பானியமோ பிரெஞ்சோ ஜெர்மனோ ஒன்றை வையுங்கள் என்று கேட்கிறேன். கம்பெனிகளுக்கு நிலமும் தண்ணீரும் கொடுத்த மாவட்டம் கேட்கலாம். இதைத் தீர்மானமாக எழுதி, கையெழுத்து வாங்கி, கல்லூரிக் கல்வி இயக்குநருக்கும் சட்டமன்ற உறுப்பினருக்கும் அனுப்பப் போகிறோம். தாள் வாசலில் இருக்கிறது.

பிளஸ் டூ முடிக்கும் தம்பி தங்கைகள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். டெல்லி ஜவகர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் பிரெஞ்சு, ஜெர்மன், ரஷ்யன், ஸ்பானிஷ், சீனம், ஜப்பானியம், கொரியன், அரபி, பாரசீகம் எல்லாவற்றுக்கும் பி.ஏ. இருக்கிறது. அந்த மொழியில் ஓர் எழுத்தும் தெரியாமல் போய்ச் சேரலாம், அகரத்திலிருந்து தொடங்குவார்கள். ஐதராபாத்தில் ஆங்கிலம் மற்றும் அயல்மொழிகள் பல்கலைக்கழகம் இருக்கிறது. இட ஒதுக்கீடு உண்டு. தனியார் கல்லூரியோடு ஒப்பிட்டால் கட்டணம் மிகக் குறைவு. வழியில் கியூட் என்ற நுழைவுத் தேர்வு நிற்கிறது. அதை எதிர்த்து 2022 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டமன்றம் தீர்மானம் போட்டது, நானும் எதிர்க்கிறேன். எதிர்த்துக்கொண்டே விண்ணப்பமும் போடுங்கள். இடம் காலியாகக் கிடந்தால் யார் உட்காருவார்கள் என்று உங்களுக்குத் தெரியும். பெண் பிள்ளையை டெல்லிக்கு அனுப்புவதா என்று பின்வரிசையில் ஒரு அம்மா பக்கத்து அம்மாவிடம் கேட்பது என் காதில் விழுந்தது. கூட்டம் முடிந்ததும் வாங்கம்மா, பேசுவோம். எங்கம்மாவும் அதைத்தான் கேட்டாங்க.

கடைசியாக ஒரு அறிவிப்பு. ஒரகடத்தில் வேலை செய்யும் நம் தம்பி ஒருவர் தானே கொரியன் கற்றுக்கொண்டிருக்கிறார். வரும் ஞாயிறு காலை பத்து மணி முதல் இந்த இடத்திலேயே வாராவாரம் சொல்லித்தருவதாக ஒத்துக்கொண்டிருக்கிறார். பணம் வேண்டாம். முதல் நாள் எழுத்து மட்டும்: 14 மெய், 10 உயிர். அந்த எழுத்துக்கும் ஒரு கதை உண்டு. சீன எழுத்து படித்த மேட்டுக்குடியைத் தவிர மற்றவர்களுக்கு எழுத வழியில்லை என்று செஜோங் மன்னர் 1443இல் அதை உருவாக்கினார். சீன எழுத்தை விட்டு நமக்கென்று தனி எழுத்து வைப்பது காட்டுமிராண்டிகள் வேலை என்று அரண்மனைப் பண்டிதர்கள் 1444இல் மனு கொடுத்தார்கள். மன்னர் கேட்கவில்லை, 1446இல் வெளியிட்டார். மீதியைத் தம்பி சொல்லுவார். கோடு போட்ட நோட்டு ஒன்று கொண்டு வாருங்கள். பேர் கொடுக்காதவர்கள் போகும்போது கொடுத்துவிட்டுப் போங்கள்.